எதிர்க் கதிரை

உச்சமுனை,
02.02.2025

அன்புள்ள அண்ணா,

புனித அன்னம்மாளின் புண்ணியத்தில் கரை சேர்ந்து சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவின் முழங்காலுக்கு வாங்கிய தைலம் அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொல்லவேண்டாம்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். இந்தத் தீவில் போன் எடுக்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கும் வள்ளத்தின் மேல் ஏறி நின்று கத்த வேண்டும். முந்தாநாள் நான் கதைத்ததை உங்களைவிட ஊர்ச்சனம்தான் தெளிவாகக் கேட்டது. நாம் பாடுவதோ மெல்லிய பாட்டு. கத்திக் கத்தி எழுதினால் அது எப்படி மெல்லியதாக வரும்? சனிக்கிழமைகளில் சாமான் வாங்கக் கற்பிட்டிக்குப் போகும்போது அம்மாவோடு போனில் கதைத்துக்கொள்கிறேன். பாட்டு விஷயமெல்லாம் கடிதத்தில்தான்.

கடிதத்தைக் கொண்டுபோய்த் தபாலில் போடுகிறவர் றொபின்சன். இங்கே அரிசி மூட்டை, ஐஸ், புதிதாக வந்த ரீச்சர் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிற போட்காரர் அவர். வரும் வழியில் அவருடைய எஞ்சின் களப்புத் தண்ணீர் நடுவில் இரண்டு தரம் நின்றது. நம் ஊராட்கள் என்றால் அந்த எஞ்சினின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பார்கள். இவர் அதைத் தட்டிக்கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ ரீச்சர், இது களைச்சுப்போச்சு" என்றார்.

புத்தளத்தில் ஃபஸ்லான் நானா தன் ஸ்டூடியோ வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "முதல் அல்பத்த பஸ்காரங்க தூக்கி வெச்சாங்க. ரெண்டாவத நாமளே கவிழ்த்தோம். நீங்க பாட்டுக்காரங்களா, இல்லாட்டி கலியாண வீட்டுல பாடுற ரெண்டு பேரா எண்டு மூணாவதுதான் சொல்லும்." சரியான கதை. நம் 'ஐஸ் லொறி' பாட்டு ஓடாத சிலாபம் பஸ் இல்லை. இரண்டாவது அல்பத்தில் கொழும்பு ஆள் போட்ட மேளத்துக்கு அடியில் நம் குரலைத் தேடி எடுக்க ஒரு சுழியோடி தேவைப்பட்டது. ஓகஸ்ட் விடுமுறைக்குள் பத்துப் பாட்டு வேண்டும். ஐந்து உங்களுடையது, ஐந்து என்னுடையது.

முதல் பாட்டு இத்துடன் வருகிறது. நாம் பார்த்துப் பாட எதிர்க் கதிரையில் வைப்பது பள்ளிக்கூட மணி. மணி என்றால் மணி இல்லை, கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு.

அம்மாவுக்கு முத்தம். உங்களுக்கு ஒன்றும் இல்லை.
தங்கச்சி கௌசல்யா


சிலாபம்,
14.02.2025

பாசமுள்ள கௌசிக்கு,

நானும் அம்மாவும் சுகம். தைலம் மூன்றாம் தட்டில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்.

போன கிழமை வானொலியிலிருந்து ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். நான் ஒரு எஞ்சினின் வயிற்றுக்குள் கையை விட்டபடியே பேட்டி கொடுத்தேன். "உங்க பாட்டில வாற காதலி யாரு?" என்று கேட்டாள். காதலி இல்லை, அது ஐஸ் லொறிதான் என்றேன். சிரித்தாள். நம்பவில்லை. பிறகு அம்மாவின் சட்டத்தைச் சொன்னேன். "ஒரு வயித்தில பிறந்ததுகள் ஆளை ஆள் பாத்து என் உயிரே, என் கண்ணே எண்டு பாடினா, நான் எந்த முகத்தோட பூசைக்குப் போய் முன் வாங்கில இருக்கிறது?" ஆகவே நம் பாட்டில் வரும் 'நீ' மனிதராக இருக்கக்கூடாது. பாடும்போது அந்தப் பொருளை எதிரே ஒரு கதிரையில் வைத்து, இருவரும் அதைப் பார்த்தே பாடவேண்டும். 'ஐஸ் லொறி'க்கு ஒரு பேசினில் ஐஸ் கட்டி வைத்தோம், பாட்டின் முடிவில் கேட்கும் சொட்டுச் சத்தம் அதுதான் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நமக்கு 'ஈரக்கால்கள்' என்ற பேர் எப்படி வந்தது என்றும் கேட்டாள். முதல் மேடையில் மழைக்கு நனைந்த காலோடு ஏறினோம், அறிவிப்பாளருக்கு நம் பேர் தெரியவில்லை, கம்பளத்தைப் பார்த்தே பேர் வைத்துவிட்டார் என்றேன்.

நம் ரசிகை கரைத்தீவு அஸ்ரியா இந்தக் கிழமையும் நம் இணையப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். 'விடியமுன் போகிறாய், வழியெல்லாம் அழுகிறாய்' என்று பாடினீர்களே, அந்த ஆள் திரும்பி வந்தாரா என்று கேட்கிறாள். தினமும் வருகிறது, மீன் ஏற்ற, என்று பதில் போட்டேன். கோபித்துக்கொண்டாள்.

மணிப் பாட்டு நல்லது. இரண்டாம் அடி நீளம், மூச்சு வாங்கும், வெட்டு. எஞ்சினைத் தட்டிக்கொடுக்கிறவருக்கு எஞ்சின் தெரியாது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு என்று அம்மா சொல்லச் சொன்னா. நேரம் தவறியாவது சாப்பிடு என்பது என் கட்சி.
அண்ணன் கில்பட்


உச்சமுனை,
09.03.2025

அன்புள்ள அண்ணா,

வெயிலும் உப்புக்காற்றுமாக நான் கருவாடாகிக்கொண்டிருக்கிறேன். மற்றப்படி சுகம். தபசு காலத்தில் இறைச்சியோடு அம்மா மீனையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாட்டு கழுதைக்கு. கற்பிட்டிச் சந்தியில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றது என்று போனில் சொன்னேனே, அந்தக் கழுதைதான். ஊரே அவசரப்பட்டது, அது மட்டும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு தாலாட்டு.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கறுத்துத்தான் இருந்தது. புதிது ஒன்று அனுப்பமுடியுமா? பத்திரமாகச் சுற்றி அனுப்புங்கள். காபரேட்டரைக் கழுவினால் நல்லதா, இல்லாவிட்டால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்குமா? எஞ்சின் சூடானபின் நின்றால் ஒரு நோய், சூடாகமுன் நின்றால் வேறு நோய் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். இது சூடானபின்தான் நிற்கிறது. வேறு ஆட்கள் ஏறியிருந்தால் நன்றாகவே ஓடுகிறதாம். சனிக்கிழமை கற்பிட்டியிலிருந்து நானும் அரிசி மூட்டையும் மட்டும் திரும்பும்போது நடுக்களப்பில் நின்றுவிடுகிறது. எனக்கு எஞ்சின் ராசி இல்லைப்போல.

நின்றால் பயமில்லை. தண்ணீர் இடுப்பளவுதான். அவர் சத்தமில்லாமல் இருப்பார், நானும் இருப்பேன். கொஞ்ச நேரத்தில் அதுவாக ஓடும்.

பிளக்கை மறக்கவேண்டாம்.
கௌசி


சிலாபம்,
19.03.2025

கௌசிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் இரண்டு பேர்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். உன் கழுதைக்குத் தெரியும்போல இருக்கிறது. மெட்டுப் போட்டு ஃபஸ்லானுக்குப் பாடிக்காட்டினேன். அவன் முதலில் கேட்டது, "கழுதைய கதிரையில வெச்சா ஸ்டூடியோவ நீயா மச்சான் கழுவுவா?" என்றுதான். கழுத்துக் கயிறு போதும் என்று பேசி முடித்தோம்.

இரண்டு பிளக் அனுப்புகிறேன். ஒன்று போட, ஒன்று கையில் வைத்திருக்க. எஞ்சின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்த பிள்ளை நீ. என் கடைப்பக்கம் வந்தால் மூக்கையும் சேர்த்துப் பொத்துவாய். இப்போது காபரேட்டர் கழுவக் கேட்கிறாய். தீவுக்குப் போனபின் புத்தி வந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உன் கடிதத்தை வாங்கித் திரும்ப ஒருமுறை வாசித்தா.

என் பாட்டு மூன்று முடிந்தது. உன் மற்றதை அனுப்பு.
கில்பட்


உச்சமுனை,
04.04.2025

அன்புள்ள அண்ணா,

சுகம். சுகமறிய ஆவல். பெரிய வெள்ளிக்கு வீட்டுக்கு வருகிறேன்.

இத்துடன் மூன்று பாட்டு. ஒன்று சவுக்கு மரத்துக்கு, ஒன்று என் அறை விளக்குக்கு. மூன்றாவது கீழே இருக்கிறது.

நீ வரும் பக்கம்தான் என் யன்னல்,
நீ போன பக்கம்தான் என் பகல்.
ஒன்றும் கேளாதே, நானும் சொல்லேன்,
தண்ணீர் கதைக்கட்டும் இடையில்.

இதற்குக் கதிரையில் என்ன வைப்பது என்று பிறகு சொல்கிறேன்.
கௌசி


சிலாபம்,
29.04.2025

கௌசிக்கு,

நீ போனபின் வீடு அமைதியாக இருக்கிறது. அம்மா சுகம். எனக்கு மட்டும் ஒரு தலையிடி, அதன் பேர் கௌசல்யா.

ஒன்பது பாட்டு ஆயத்தம். பத்தாவது அந்த யன்னல் பாட்டு. அதற்கு என்ன பொருள் என்று பரிசுத்த வாரம் முழுக்கக் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் உனக்குக் குசினியில் வேலை வந்தது. உயிர்த்த ஞாயிறு பூசையில் பக்கத்தில் நின்று கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு செபம் சொன்னாய். யன்னலா? இல்லை, யன்னல் பாடுகிறவளுடையது. காற்றா? காற்றைக் கதிரையில் வைக்க முடியாது. போட் என்றால் ஒரு துடுப்பாவது அனுப்பு. எதைப் பார்த்துப் பாடுகிறேன் என்று தெரியாமல் என் குரல் வராது, உனக்கே தெரியும். சுவரைப் பார்த்துப் பாடிப் பார்த்தேன், சுவரைப் பார்த்துப் பாடியதுபோலவே இருந்தது.

ஃபஸ்லான் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு மின்விசிறியை நிறுத்தினான். திரும்பப் பாடச் சொன்னான். "மச்சான், இந்த அல்பம் நிக்கிறதும் விழுறதும் இந்தப் பாட்டுலதான்" என்றான். அவன் நம்மைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை, பயந்துபோனேன்.

அம்மாவும் கேட்டா. நல்ல பாட்டு என்று சொல்லிவிட்டு, "அந்த றொபின்சன் எந்தப் பங்கு?" என்று கேட்டா. பாட்டைப் பற்றிக் கதைக்கும்போது போட்காரரின் கோயில் எதற்கு? வயதாகிறது, கதை தொடர்பில்லாமல் போகிறது.

உடனே பதில் போடு.
கில்பட்


சிலாபம்,
27.05.2025

அன்புள்ள தங்கச்சி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமை போனில் அம்மாவோடு கதைத்துவிட்டு, நான் கை நீட்டமுன் வைத்துவிடுகிறாய். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. காற்று எழும்பிவிட்டது, தபால் பிந்தும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபஸ்லான் வேறு ஒரு யோசனை சொல்கிறான். "அது காதல் பாட்டு மச்சான். நீ அண்ணன், பாட ஏலாது. கொழும்புல ஒரு பொடியன் ஈக்கான், நல்ல குரல். உன்ட இடத்துல அவன் பாடட்டும், இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்." ஒரு பாட்டுக்கு மட்டும் என்றுதான் எல்லாம் தொடங்கும். ஈரக்கால்கள் என்றால் நாலு கால். இரண்டு காலென்றால் அது எல்லாரிடமும் இருக்கிறது, அதற்கு ஒரு பேர் தேவையில்லை.

அல்பத்துக்கு அந்தப் பாட்டு வேண்டும். அது எனக்கும் விளங்குகிறது. நான் இல்லாமல் நீ பாடத் தொடங்கினால் நன்றாகவே பாடுவாய் என்பதும் விளங்குகிறது. அதுதான் எனக்குப் பயம். இதைப் போனில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கதிரையில் யார் இருக்கிறார்கள் கௌசி?
அண்ணன்


உச்சமுனை,
08.06.2025

என் அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. நான் பேசாமல் இருந்ததால் உங்களுக்கு எங்கே சுகம் இருக்கப்போகிறது?

காற்றில் போட் ஓடாத நாட்களும் இருந்தன. ஆனால் அதனால் நான் எழுதாமல் இருக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். 'யார்' என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை. கதிரையில் இருப்பது பொருள் இல்லை. றொபின்சன்.

அவரிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. எஞ்சின் நின்றால் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்போம், அவ்வளவுதான். ஒருநாள் நண்டு எப்படி ஓட்டைக் கழற்றுகிறது என்று சொன்னார். அன்றைக்கு ராத்திரி அந்தப் பாட்டு வந்தது. அதைத் தபாலுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடக் கடிதம் என்று நினைத்திருப்பார்.

எனக்கு அவரைப் பிடிக்கும் அண்ணா. சொல்லிவிட்டேன், நெஞ்சு லேசாகிவிட்டது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

கொழும்புப் பொடியன் வேண்டாம். உங்கள் குரல் கீழே இல்லாமல் என் குரல் எங்கே நிற்கும்? அம்மாவின் சட்டப்படி அந்தப் பாட்டை நாம் பாட முடியாது. ஆகவே எடுத்துவிடுங்கள். ஒன்பது பாட்டோடு அல்பம் வரட்டும், விழுந்தால் இரண்டு பேருமாக விழுவோம். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்.

இந்தக் கடிதமும் அவருடைய சட்டைக்குள்தான் வருகிறது.
கௌசி


சிலாபம்,
20.07.2025

பாசமுள்ள கௌசிக்கு,

இங்கு அனைவரும் நலம். எஞ்சின் உட்பட. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இத்தனை நாள் எழுதவில்லை. முதல் இரண்டு கிழமை கோபம், அதில் முக்கால்வாசி என் மேல்தான். இருமலைக் கேட்டே எஞ்சினுக்கு நோய் சொல்கிறவன், தங்கச்சி கடிதம் கடிதமாக எழுதியும் விளங்கவில்லை. பிறகு யோசித்தேன். நான் அனுப்பிய புதுப் பிளக் போட்டபின்னும் அந்த எஞ்சின் நிற்கிறது. என் பேருக்கே அது இழுக்கு. ஒரு புதன்கிழமை கடையை மூடிவிட்டுக் கற்பிட்டிக்குப் போனேன். நான் யாரென்று றொபின்சனிடம் சொல்லவில்லை. சிலாபத்தில் எஞ்சின் திருத்துகிற பாஸ், ரீச்சர் ஒருத்தி சொன்னதில் பார்க்க வந்தேன் என்றேன்.

பிளக் நல்லது. காபரேட்டர் சுத்தம். துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டேன், ஒரு தரம்கூட இருமவில்லை. பிறகுதான் எண்ணெய் டேங்கின் மூடியைப் பார்த்தேன். அதில் காற்றுப் போக ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. இறுக்கினால் டேங்குக்குள் காற்றுப் போகாது, எண்ணெய் இறங்காது, கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நிற்கும். தளர்த்தினால் திரும்ப ஓடும். போட் ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். அந்த மூடி முழுக்கத் துருப்பிடித்திருந்தது. திருகாணி மட்டும் கைபட்டுக் கைபட்டு வெள்ளி மாதிரி மினுங்கியது.

"தம்பி, இத ஏன் இறுக்கிறீர்?" என்று கேட்டேன்.

"சில நேரம் மறந்துபோய் இறுக்கிப்போடுவன் பாஸ்."

"எப்ப மறக்கும்?"

தலையைச் சொறிந்தான். எஞ்சினைப் பார்த்தான். களப்பைப் பார்த்தான். "சனிக்கிழமையில" என்றான்.

"ஏன் சனிக்கிழமை?"

"கரை வந்தா அவ இறங்கிப் போயிருவா பாஸ்."

கௌசி, முதல் நாள் நின்றது கிழட்டுப் பிளக்கினால். அதற்குப் பிறகு நின்றதெல்லாம் அவன் வேலை. உனக்கு எஞ்சின் ராசி நன்றாகவே இருக்கிறது. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தைரியம் இல்லை என்றாய். நான் கழற்றிப் பார்த்துவிட்டேன்.

கூலி வேண்டாம் என்றேன். ஒரு கோர்வை ஓரா மீன் தந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததும் அம்மா, "மாப்பிள்ளை வீட்டு மீனா?" என்று கேட்டா. உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு அவனுடைய பங்குச் சுவாமியிடம் விசாரித்து முடித்திருக்கிறா. வீட்டில் தெரியாமல் இருந்த ஒரே ஆள் நான்.

பாட்டைப் பற்றியும் கேட்டேன். சட்டம் போட்ட அம்மாவே திருத்தமும் கொண்டுவந்தா. "நீ ஏன் அவளப் பாத்துப் பாடுறாய்? அவனக் கதிரையில இருத்து. அவள் தன்ட பாட்டப் பாடட்டும். நீ அவனப் பாத்துக் கேள்வி கேள். அண்ணன்காரன் கேள்வி கேக்கிறது பாவமில்லை." அன்றைக்கே எழுதினேன். உன் அடிகளுக்குப் பிறகு இது வரும்.

ஈரக் காலோடு வளர்ந்தவள் இவள்,
ஏறும்போது கை கொடுப்பாயா?
காற்று மாறுகிற நாள் வரும் தம்பி,
கரை சேர்ப்பாயா, சொல்.

ஓகஸ்டில் ஸ்டூடியோவுக்கு மணி, கயிறு, சவுக்குக் கொப்பு, விளக்கு எல்லாம் கொண்டுவா. பத்தாவதுக்கு உரியதைக் கையில் பிடித்துக் கூட்டிவரவேண்டாம், பின்னால் வந்தால் போதும்.
கில்பட்


உச்சமுனை,
27.07.2025

அண்ணா,

சுகம், சுகம், சுகம்.

நேற்று எஞ்சின் நின்றது. நான் எட்டி அந்தத் திருகாணியைத் தளர்த்தினேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பிறகு கரை வரும்வரை இருவரும் கதைத்தோம். என்ன கதை என்று எழுதமாட்டேன்.

வருகிறார்.
கௌசி


சிலாபம்,
14.09.2025

அன்புள்ள கௌசிக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. அம்மா பலகாரம் சுடத் தொடங்கிவிட்டா, கலியாணத்துக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது என்று சொன்னால் கேட்பதில்லை.

அல்பம் வெளிவந்து இரண்டாவது கிழமை. நேற்றுப் புத்தளம் பஸ்ஸில் நம் பத்தாவது பாட்டுப் போனது. கொண்டக்டர் மிச்சக் காசு கொடுக்காமல் நின்று பாட்டைக் கேட்டார், மிச்சத்தை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது அல்பத்தை இப்போது யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. வானொலிப் பிள்ளை திரும்ப வந்தாள். ஐஸ் லொறி பாடிய இரண்டு பேர் என்று சொல்லாமல், ஈரக்கால்கள் என்று சொன்னாள். அந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவும்.

ஸ்டூடியோவில் நீ கண்ணை மூடிக்கொண்டு பாடினாய். ஆகவே நீ பார்க்காததை எழுதுகிறேன். அவன் உள்ளே வரமுன் வெளியே குழாயில் காலைக் கழுவினான், கோயிலுக்குப் போகிறதுபோல. ஃபஸ்லானின் கம்பளத்தில் வாசலிலிருந்து கதிரைவரை ஈர அடையாளம். ஃபஸ்லான் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாய்க்குள் சிரித்தான். கழுத்துவரை பொத்தான் பூட்டி, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தான் உன் ஆள். 'நீ வரும் பக்கம்தான் என் யன்னல்' என்று நீ தொடங்கியதும் யாரையோ சொல்கிறாய் என்று திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர். அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். பிறகு அவன் அசையவே இல்லை. தன் சட்டைக்குள் கொண்டுபோனது என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு என் முறை. வாழ்க்கையில் முதல் தரம் ஒரு மனிதனைப் பார்த்துப் பாடினேன். ஐஸ் கட்டி திருப்பிப் பார்க்காது, இவன் பார்த்தான். குரல் நடுங்கியது, பாட்டில் கேட்கும், கவனித்துக் கேள். 'கரை சேர்ப்பாயா, சொல்' என்று முடித்தேன். முடித்ததும் அவன் எழுந்து நின்று தலையாட்டி, "ஓம் அண்ணே" என்றான்.

அது பதிவாகிவிட்டது. திரும்பப் பாடுவோம் என்று நான் சொன்னதற்கு ஃபஸ்லான், "தொட்டா கைய முறிப்பன்" என்றான். நல்லவேளை.

அஸ்ரியா எழுதியிருக்கிறாள். உங்கள் பாட்டில் ஆட்கள் வரமாட்டார்கள் என்று இப்போதுதான் தனக்கு விளங்கியதாம். கடைசியில் 'ஓம்' என்று கேட்பது போட் எஞ்சினின் சத்தம்தானே என்று கேட்கிறாள். நல்ல எஞ்சின், ஒரு நோயும் இல்லை என்று பதில் போட்டேன்.

நாலாவது அல்பத்துக்கு எழுதத் தொடங்கு. கலியாணம் முடிந்தால் பாட்டு முடிந்தது என்று நினைக்காதே.
அண்ணன் கில்பட்


உச்சமுனை,
21.09.2025

அன்புள்ள அண்ணா,

இங்கே இருவரும் சுகம். இருவரும் என்று எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது, எழுதிவிட்டேன்.

நாலாவது அல்பத்துக்கு இத்துடன் முதல் பாட்டு. ஜனவரிக் கலியாணத்தில் நீங்கள் அழுதால் அதைக் கதிரையில் வைக்கமுடியாது, இப்போதே சொல்லிவைக்கிறேன். பத்தாவது பாட்டை ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். எல்லோருக்கும் என் குரல் பிடித்திருக்கிறது என்கிறார்கள். நான் கேட்பது உங்கள் நடுக்கத்தை.

அம்மாவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லுங்கள். தைலம் எந்தத் தட்டில் இருந்தாலும் பரவாயில்லை.

என்றும் உங்கள் தங்கச்சி,
கௌசல்யா

பி.கு: திருகாணியை இனித் தொடமாட்டேன் என்று றொபின்சன் அன்னம்மாள் மேல் ஆணையிட்டிருக்கிறார். நேற்றுச் சனிக்கிழமை எஞ்சின் நிற்காமல் ஓடியது. நடுக்களப்பு வந்ததும் நானே கையை நீட்டி இறுக்கினேன்.